தபால்காரம்மாவின் முகத்துக்கு உரிமம்

கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொல்லிக் கெட்டுப்போனவர்களின் பட்டியல் ஒன்று போட்டால், தபால்காரம்மாவுக்கு அதில் முன்வரிசையில் இடம் கிடைக்கும். அன்று தாதுப்பூச்சு ஆணையத்தின் மூன்றாவது மாடியில், பதிவுத் தபாலுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த பிரிவு அதிகாரி தலையைத் தூக்கி, "முகத்துல என்னம்மா அது, வெள்ளையா?" என்று கேட்டார். தெருவில் கேட்பவர்களிடம் சொல்வதுபோல "ஒண்ணுமில்ல சார்" என்று சிரித்துவிட்டுப் படி இறங்கியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே. "ஜிங்க் சார்" என்றாள்.

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். அந்த அலுவலகத்தில் ஒருவர் பேனாவை மூடினால் வேலை ஆரம்பிக்கிறது என்று அர்த்தம். அது அவளுக்குத் தெரியாது.

அவள் பதினாறு வருஷமாகத் தபால் சுமப்பவள். பதினோரு தெரு அவள் வட்டாரம். எந்தக் கேட் எந்தப் பக்கம் திறக்கும், எந்த வீட்டுப் பெட்டியில் மழை ஒழுகும், எந்தக் கிழவர் வெறும் விளம்பரத் தாள் வந்தால்கூட உட்கார வைத்துப் படித்துக் காட்டுவார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்தச் சுற்றின்மேல் அவளுக்கு ஆசை. லீவு நாளில் வீட்டில் இருந்தால் கால் நமநமவென்று இருக்கும். அப்படிப்பட்டவளுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெயில் ஆகாமல் போயிற்று. அரை மணி நேரம் வெயில் பட்டால் கன்னமும் மூக்கும் சிவந்து, மறுநாள் கொப்புளம் கிளம்பிவிடும். தோல் டாக்டர் பார்த்துவிட்டு, "வெயில்ல போகாதீங்க" என்றார். "போகலைன்னா எனக்கு வேலையே இல்ல டாக்டர்" என்றாள். டாக்டர் கொஞ்சம் யோசித்து, அப்படியானால் ஜிங்க் ஆக்ஸைடு பூசிக்கொள்ளச் சொல்லி எழுதிக் கொடுத்தார். பூமிக்கடியில் கிடைக்கும் துத்தநாகத்திலிருந்து செய்கிற வெள்ளைப் பொடி அது. குழந்தைகளின் தொடை இடுக்குப் புண்ணுக்குப் போடுகிற அதே சாமான்.

வீட்டுக்காரர் மருந்துக்கடைக் கம்பவுண்டர். பொடியைச் சலித்துக் கண்ணாடிப் பலகையில் கொட்டி, கொஞ்சம் எண்ணெய் விட்டுக் கட்டி இல்லாமல் தேய்த்து, மெழுகுக் களிம்பு சேர்த்துக் குழைத்துத் தகர டப்பாவில் போட்டுக் கொடுப்பார். "கஞ்சத்தனம் பண்ணாம அப்பு. மெல்லிசா பூசினா பிரயோஜனம் இல்ல" என்பார். அவளும் அப்பினாள். முகம் வெள்ளையடித்த சுவரானது. தெரு நாய்கள் முதல் வாரம் குரைத்தன, இரண்டாம் வாரம் பழகிக்கொண்டன. கொப்புளம் நின்றது, வேலை நிலைத்தது. உலகத்தில் யாருக்கும் இதனால் ஒரு தொந்தரவும் இல்லை.

தாதுப்பூச்சு ஆணையத்துக்குத்தான் இருந்தது.

அதன் முழுப்பெயர் தோல்மேல் பூசப்படும் தாதுப்பொருட்கள் ஒழுங்குமுறை மற்றும் நல்லெண்ண ஆணையம். நல்லெண்ணம் அதில் எப்படி நுழைந்தது என்று அங்கே வேலை செய்பவர்களுக்கே தெரியாது. ஒரு காலத்தில் பெரிய இடத்து அம்மையார் ஒருவர் போட்டுக்கொண்ட முகப்பவுடரில் மணல் நெருடியது. விடுவார்களா? மூன்று பேர் குழு போட்டார்கள். குழு எட்டு மாதம் ஆராய்ந்து, அந்த மணல் பவுடரில் இருந்ததல்ல, அம்மையாரின் கைப்பையில் இருந்தது என்று கண்டுபிடித்தது. அத்தோடு குழுவைக் கலைத்திருக்கலாம். அதற்குள் குழுவுக்கு நாற்காலிகள் வாங்கிவிட்டார்கள். நாற்காலி இருந்தால் அதில் உட்கார ஆள் வேண்டும், ஆட்கள் இருந்தால் கட்டடம் வேண்டும், கட்டடம் இருந்தால் அதற்குள் ஏதாவது நடக்கவேண்டும். இப்படியே பவுடரில் சேர்க்கும் டால்க், முகப்பூச்சில் சேர்க்கும் வெள்ளைக் களிமண், மினுமினுப்புக்குப் போடும் மைக்கா, உதட்டுச் சாயத்துக்கு நிறம் கொடுக்கும் இரும்புத் துரு என்று மண்ணுக்கடியில் இருந்து மூஞ்சிக்கு ஏறுகிற அத்தனை பொருளும் ஆணையத்தின் கைக்குள் வந்தன. அவற்றில் எதற்கும் ஆணையம் இன்றுவரை உரிமம் கொடுத்ததில்லை. பிறகு கடைகளில் எப்படி விற்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். பெரிய கம்பெனிகளின் விண்ணப்பங்கள் நிலுவையில் இருக்கின்றன. நிலுவையில் இருக்கும்வரை விற்கலாம். இருபத்தைந்து வருஷமாக நிலுவையில் இருக்கும் கம்பெனிகள்கூட உண்டு, அவை நன்றாகவே நடக்கின்றன.

ஜிங்க் என்று அவள் சொன்ன ஐந்தாம் நாள், காலையில் தபால்களைத் தெருவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தபோது, ஆணையத்தின் முத்திரையோடு ஒரு பதிவுத் தபால் அவள் கையில் சிக்கியது. பெறுநர் முகவரியைப் பார்த்தாள். அவள் வீடு. அவள் பெயர்.

இங்கேதான் நம் தபால்காரம்மா இரண்டாவது தப்பைச் செய்தாள். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே உறையைக் கிழித்திருப்பார்கள். அவளோ பதினாறு வருஷத்தில் ஒரு தபாலைக்கூட விதி மீறிக் கொடுத்ததில்லை. பதிவுத் தபாலைப் பெறுநரின் முகவரியில், பெறுநரின் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கவேண்டும் என்பது விதி. வரிசைப்படி எட்டாவது தெருவில் இருந்த தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. கதவில் பூட்டு தொங்கியது. வீட்டுக்காரர் கடையில் இருந்தார். அவளோ வேலையில் இருந்தாள். இரண்டு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, "கதவு பூட்டியிருந்தது" என்று உறையின்மேல் எழுதிக்கொண்டு ஒன்பதாவது தெருவுக்குப் போனாள்.

மறுநாளும் பூட்டியிருந்தது. அதற்கு மறுநாளும்தான்.

"உனக்கு மூளை கீளை குழம்பிடுச்சா?" என்று கம்பவுண்டர் தலையில் அடித்துக்கொண்டார். "உன் தபால், உன் கையில இருக்கு. பிரிச்சுப் படிக்க வேண்டியதுதானே?"

"டியூட்டி நேரத்துல நான் வீட்டுல இல்லையே. இல்லாத ஆள்கிட்ட எப்படிங்க கொடுக்கிறது?"

"சாயங்காலம் வீட்டுக்கு வந்தப்புறம் வாங்கிக்கோ."

"சாயங்காலம் தபால் ஆபீஸ் பூட்டிடும். பையை அங்கேயே ஒப்படைச்சுட்டுத்தானே வரேன்."

கம்பவுண்டர் அதற்குமேல் வாதாடவில்லை. இத்தனை வருஷக் குடித்தனத்தில் எந்த இடத்தில் நிறுத்துவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மூன்று முறை கொடுக்க முடியாத தபால் அனுப்பியவருக்கே திரும்பவேண்டும். அனுப்பியவரும் அவள் வட்டாரம்தான். எனவே அவளே அதை மூன்றாவது மாடிக்குக் கொண்டுபோய்ப் பிரிவு அதிகாரியிடம் நீட்டினாள். அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூணு தடவை ஆள் இல்லையா? பார்த்தீங்களா, இவங்கள்லாம் இப்படித்தான். நோட்டீஸ்னு தெரிஞ்சா கதவைப் பூட்டிட்டு ஓடிடுவாங்க."

"சார், அது நான்தான்."

"எது?"

"அந்தப் பெறுநர்."

அவர் உறையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். "அப்போ நீங்க ஏன் வாங்கிக்கலை?"

"நான் வீட்டுல இல்ல சார்."

"எங்க போயிருந்தீங்க?"

"இந்தத் தபாலைக் கொடுக்கப் போயிருந்தேன்."

அதிகாரி இதை அப்படியே எழுதிக்கொண்டார். பிற்பாடு கோப்பில் அது இப்படிப் பதிவானது: 'எதிர்த்தரப்பினர் அறிவிப்பைப் பெறுவதைத் தவிர்க்கும் நோக்கத்துடன் அறிவிப்புடனேயே தலைமறைவாகச் சுற்றியதை ஒப்புக்கொண்டார்.'

ஒப்புக்கொண்டபடியால் விசாரணை ஆரம்பித்தது. முதல் கேள்வி, பூசுவது எந்த வகை என்பது. அதிகாரி மிகவும் அன்பாகத்தான் பேசினார். அதைச் சொல்லாவிட்டால் பாவம்.

"அழகுக்காகப் பூசறீங்களாம்மா?"

"இல்ல சார். வெயிலுக்கு."

"பூசினப்புறம் அழகா இருக்கீங்களா?"

"கண்ணாடியில பார்த்தா எனக்கே பயமா இருக்கும்."

"அப்போ அழகுசாதனம் இல்ல." ஒரு கட்டத்தை அடித்தார். "மருந்துன்னா நோய் குணமாகணும். உங்களுக்கு வெயில் ஆகாதது குணமாயிடுச்சா?"

"இல்ல சார். பூசாட்டி மறுபடி வரும்."

"அப்போ மருந்தும் இல்ல." இன்னொரு கட்டத்தை அடித்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அழகும் இல்ல, மருந்தும் இல்ல. மிச்சம் என்ன? வெறும் தாதுப்பொருள். தாதுப்பொருள் ஒரு பரப்புமேல பரத்தி வெச்சிருக்கு. சட்டப்படி அதுக்கு இருப்புத்தலம்னு பேரு."

"எது சார் இருப்புத்தலம்?"

"உங்க முகம்."

தபால்காரம்மா முகத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். விண்ணப்பம் போட்டுவிட்டுக் கம்பெனிகளைப்போல நிலுவையில் இருக்கலாமா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். நிலுவையில் இருப்பதற்கும் ஒரு தகுதி வேண்டும், குறைந்தது நூறு தொழிலாளர்கள் இருக்கவேண்டும் என்றார் அதிகாரி. அவளிடம் ஒரு கம்பவுண்டர் மட்டுமே இருந்தார்.

அந்த வாரக் கடைசியில் அளவையாளர் வீட்டுக்கு வந்தார். நாடாவும் வரைபலகையும் முக்காலியும் கொண்டுவந்திருந்தார். இதற்கு முன்னால் கல் குவாரிகளை அளந்தவராம். அவளை முற்றத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, எல்லைகளை எழுத ஆரம்பித்தார். வடக்கே தலைமுடி, தெற்கே தாடை. கிழக்கே எந்தக் காது என்பதில் சிக்கல் வந்தது. அவள் திரும்பினால் கிழக்கும் திரும்பியது.

"அம்மா, அசையாதீங்க. உங்க முகம் பட்டா நிலம் மாதிரி ஒரே இடத்துல இருந்தாத்தான் எனக்கு வேலை ஓடும்."

"ஈ உட்காருதுங்க."

"அதையும் குறிச்சுக்கறேன். நடமாட்டம் உள்ள தலம்."

மூக்கை மேடு என்று எழுதினார். கண்களைச் சுற்றி நீர்நிலை ஒதுக்கம் விட்டார், அங்கே தாதுப்பொருள் கொட்டக்கூடாதாம். கம்பவுண்டர் கடைக்குப் போகாமல் கூடவே நின்று, "தடிமன் எவ்வளவுங்க வருது?" என்று கேட்டார். நக்கலாகக் கேட்டதுதான். அளவையாளர் நன்றி சொல்லி, ஈர்க்குச்சி அளவில் ஓர் எஃகு அளவுகோலை எடுத்து நெற்றியில் குத்திப் பார்த்துத் தடிமனையும் குறித்துக்கொண்டார். அதன்பிறகு கம்பவுண்டர் நக்கல் செய்வதை விட்டுவிட்டார்.

கிளம்புமுன் அளவையாளர் தகர டப்பாவைத் துணியில் சுற்றி அரக்கு வைத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். ஓர் ஆணையையும் கொடுத்தார். விசாரணை முடியும்வரை இருப்புத்தலம் இருக்கிற நிலையிலேயே இருக்கவேண்டும். புதிதாகப் பூசக்கூடாது. இருப்பதை எடுக்கவும் கூடாது.

"முகம் கழுவலாமா?" என்று கேட்டாள்.

"கழுவினா தாதுப்பொருள் தண்ணியோட போகும். அதுக்குப் பேரு வெட்டியெடுத்தல். சுரங்க அனுமதி வேணும்."

அன்று இரவு அவள் மல்லாந்து படுத்தாள், தலையணையில் ஒட்டினால் இடமாற்றம் ஆகிவிடும் என்று கம்பவுண்டர் எச்சரித்திருந்தார். மறுநாள் சுற்றுக்குப் போனாள். வியர்வைக்கு ஆணையத்தின் கடிதம் போயிருக்கவில்லை போலும், அது பாட்டுக்கு வழிந்தது. பதினோராவது தெரு முடிவதற்குள் கன்னத்தில் பாதி காணோம். துடைத்த கையோடு கொடுத்ததில் கடிதங்களிலும் வெள்ளை விரல் தடம் விழுந்திருந்தது. மறு அளவைக்கு வந்த அளவையாளர் இருப்புக் குறைவைக் கண்டுபிடித்தார், வீடு வீடாகப் போய் உறைகளைச் சேகரித்தார். குற்றப் பட்டியலில் இரண்டு புது வரிகள் ஏறின. ஒன்று, பதினோரு தெருக்கள் வழியாகத் தாதுப்பொருள் கடத்தல். மற்றது, முப்பத்தேழு குடும்பங்களுக்கு விநியோகம்.

மூன்றாம் நாள் முகத்தில் ஒரு துளி வெள்ளை இல்லை. கம்பவுண்டர் புதிதாகக் குழைக்கலாமென்று பொடி வாங்கப் போனார். மொத்தக் கடைக்காரர் அவருக்குப் பல வருஷப் பழக்கம். ஆனாலும் கையை விரித்துவிட்டார். "உங்க வீட்டுக்காரம்மா பேரு சுற்றறிக்கையில வந்திருக்குங்க. உரிமம் இல்லாம ஒரு கரண்டி கொடுத்தாலும் என் கடையை மூடிடுவாங்க" என்றார். தபால்காரம்மா தொப்பி போட்டுக்கொண்டு போனாள், துப்பட்டியைச் சுற்றிக்கொண்டு போனாள். வெயில் கீழிருந்து, சுவரிலிருந்து, கார் கண்ணாடியிலிருந்தெல்லாம் வந்தது. ஐந்தாம் நாள் மூக்கில் கொப்புளம் உடைந்தது. கண்ணீர் வந்தால் அது ஓடுகிற வழியெல்லாம் எரிந்தது. அழுவதையும் நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

போஸ்ட்மாஸ்டர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களால் என்ன செய்ய முடியுமோ அதை அவர் செய்தார், அதாவது வருத்தப்பட்டார். "பத்து நாள் லீவு எழுதிக்கோம்மா. அதுக்குமேல என்னால முடியாது. உள்ளே பிரிக்கிற வேலைக்கு மெஷின் வந்துடுச்சு, உன்னை உட்கார வைக்க இடமில்ல. அந்தப் பூச்சுக்கு உரிமம் வாங்கிட்டு வந்துடு, அன்னைக்கே பையைக் கையில கொடுத்துடறேன். உரிமம் இல்லைன்னா..." என்று நிறுத்தினார். "இல்லைன்னா அந்த வட்டாரத்துக்கு வேற ஆளைப் போடச் சொல்லி மேல எழுதணும்."

பத்தாவது நாள் விசாரணை வைத்திருந்தார்கள்.

விசாரணை அறையில் ஜன்னல் கிடையாது. நீள மேசைக்குப் பின்னால் தலைவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் பிரிவு அதிகாரி, மறு பக்கம் தோல் நிபுணர். தலைவரின் முகம் வழுவழுவென்று, கன்னத்தில் லேசான மினுமினுப்போடு இருந்தது. தபால்காரம்மாவின் முகம் செக்கச்செவேலென்று, உரிந்த இடங்களில் ஈரமாக இருந்தது. கம்பவுண்டருக்குப் பின் வரிசையில் இடம் கொடுத்தார்கள், வாய் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு.

நிபுணர் எழுந்து, குச்சியால் அவள் முகத்தைச் சுட்டினார். "இந்த ஆணையத்தோட பார்வைக்கு ஒரு விஷயம். ஜிங்க் பூசின ஒரே ஆள் இவங்க. இந்த அறையில முகம் இப்படிச் சிவந்திருக்கிற ஒரே ஆளும் இவங்கதான். இதுக்குமேல நான் என்ன சொல்லணும்?"

"சார், பூசினப்போ சிவப்பு இல்ல சார்" என்றாள். "நிறுத்தினப்புறம்தான் இப்படி ஆச்சு."

"பூசினப்போ வெள்ளை மூடியிருந்தது. அடியில சிவப்பு இருந்துதா இல்லையான்னு யார் பார்த்தா?"

"எனக்கு எரியலையே சார்."

"எரியறதுங்கிறது சொந்த அபிப்பிராயம்" என்றார் நிபுணர், அன்போடு.

பின் வரிசையில் கம்பவுண்டர் எழுந்துவிட்டார். "ஐயா, இது பச்சைக்குழந்தைக்குப் போடறதுங்க. எந்த மருந்துக்கடையிலயும்..." அதற்குள் காவலாளி அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தான். அவர் பேசியது குறிப்பில் இருமல் என்று ஏறியது.

அப்புறம் தலைவர் பேசினார். தண்ணீர் குடித்துவிட்டு, மேசையின்மேல் இருந்த ஒரே காகிதத்தை நேராக்கிவிட்டுப் பேசினார்.

"நான் இந்த நாற்காலிக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகுது. இந்தப் பதினெட்டு வருஷத்துல, நாங்க உரிமம் கொடுத்த ஒரு தாதுப்பொருளால ஒரு முகத்துக்காவது தீங்கு வந்திருக்கா? வரலை. ஏன் வரலை? நாங்க ஒண்ணுக்கும் உரிமம் கொடுக்கலை." பக்கத்துக்கு ஒருவராக இருந்த இருவரும் மேசையைத் தட்டினார்கள். அவர் கையமர்த்தினார். "சிலர் கேக்கறாங்க, இந்த ஆணையம் மக்களுக்கு என்ன பண்ணுச்சுன்னு. மக்களுக்குப் பண்றதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. விதிகளுக்குப் பண்றதுக்கு யார் இருக்கா? நாங்க இல்லைன்னா விதிகள் அநாதையாயிடும். நான் வீட்டுக்குப் போய்ப் படுத்தாக்கூட அந்தக் கவலைதான். ஆனா ஒண்ணு. கல் மனசுக்காரங்கன்னு எங்களை யாரும் சொல்லிடக்கூடாது. எங்க பேருலயே நல்லெண்ணம் இருக்கு. அடுத்த மாசம் எங்க வெள்ளி விழா. விழா மலர்ல போடறதுக்கு, நாங்க கொடுத்த உரிமம்னு ஒண்ணாவது வேணும்னு மேலிடத்துல கேட்டிருக்காங்க. அதனால, நிறைய யோசிச்சு, இந்தம்மாவுக்கு உரிமம் வழங்கறோம்."

அவளுக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று இருந்தது. திரும்பிப் பார்த்தாள். கம்பவுண்டர் இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கண் கலங்கியிருந்தது. பத்து நாளாக அடக்கி வைத்த அழுகை அவளுக்கும் பொத்துக்கொண்டு வந்தது, எரிந்தாலும் பரவாயில்லை என்று அழுதாள். பதினோரு தெருவும் திரும்பக் கிடைத்துவிட்டது. மணி பதினொன்றரைதான் ஆகியிருந்தது. வேகமாகப் போனால் மதியச் சுற்றுக்கே பையை வாங்கிவிடலாம்.

போட்டோக்காரர் வந்தார். தலைவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன வட்ட டப்பாவை எடுத்துக் கண்ணாடி பார்த்துக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டார், மினுமினுப்பு கூடியது. அவள் பார்ப்பதைக் கவனித்து, "இது நிலுவையில இருக்கிற கம்பெனிதும்மா" என்று விளக்கினார். உரிமம் பெரிய கெட்டித்தாளில், தங்க ஓரம் போட்டு, நான்கு முத்திரைகளோடு இருந்தது. ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவளைக் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொன்னார்கள், சிவப்பு படத்தைக் கெடுக்கிறதாம்.

வராந்தாவுக்கு வந்தபிறகு கம்பவுண்டர்தான் பின்பக்கத்தைத் திருப்பி நிபந்தனைகளைப் படித்தார். முதல் ஐந்து நிபந்தனைகளை வேகமாகப் படித்தார். ஆறாவதில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"என்னங்க?"

அவர் பதில் சொல்லாமல் பிரிவு அதிகாரியின் அறைக்குள் நுழைந்தார். அவளும் ஓடினாள்.

"சார், ஆறாவது நிபந்தனை. வெயில் படாத இடத்துல மட்டும் பூசிக்கணும்னு போட்டிருக்கே?"

"ஆமா" என்றார் அதிகாரி. "வெயில்ல இந்தப் பொருள் எப்படி நடந்துக்கும்னு நாங்க சோதிச்சுப் பார்க்கலை. நம்ம ஆய்வுக்கூடத்துல வெயில் வராது. சோதிக்காத நிலைமையில அனுமதிச்சா நாளைக்கு யார் பொறுப்பு? வீட்டுக்குள்ள, கட்டிலுக்கு அடியில, எங்க வேணும்னாலும் தாராளமா பூசிக்கலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வெளியிலயும் பூசிக்கலாம், நான்தான் சொல்லிச் சேர்த்தேன்."

"நான் வெயிலுக்காகத்தான் சார் பூசறேன்."

"அதை மேல்முறையீட்டுல சொல்லுங்கம்மா. ஆனா பார்த்துக்கோங்க. மேல்முறையீடு போட்டா உரிமத்தைத் திருப்பிக் கொடுக்கணும். முதல் உரிமம் இது. எங்களுக்கும் மனசு கஷ்டமா இருக்கும்."

அப்போதுதான் கம்பவுண்டரின் கைப்பேசி அடித்தது. போஸ்ட்மாஸ்டர். ஆணையத்திலிருந்து அவருக்கு உடனுக்குடன் செய்தி சொல்லிவிட்டார்களாம். அவர் சந்தோஷத்தில் கத்தியது மூன்று பேருக்கும் கேட்டது. "உரிமம் வந்துடுச்சாமே! ரொம்ப சந்தோஷம். உடனே வரச் சொல்லுங்க, மதியப் பை தயாரா இருக்கு. பத்து நாள் தபால் சேர்ந்துபோய்க் கிடக்குது. இனிமே அந்தம்மாவுக்கு ஒரு தடையும் இல்ல, வரலைன்னா நான் மேல பதில் சொல்லணும்."

கம்பவுண்டர் நிபந்தனையைச் சொல்ல வாயெடுத்தார். போஸ்ட்மாஸ்டர் உரிமம் உண்டா இல்லையா என்று மட்டும் கேட்டார். உண்டு என்றுதான் சொல்ல முடிந்தது. இணைப்பு போய்விட்டது.

"மேல்முறையீடு போடலாம்" என்றார் கம்பவுண்டர், மாடிப்படியில்.

"அதுவரைக்கும்?"

பொடி கொடுக்க இப்போது மொத்தக் கடைக்காரருக்குத் தடை இல்லை. குழைக்கத் தடை இல்லை. டப்பாவின் அரக்கையும் உடைத்துக் கொடுத்துவிட்டார்கள், அது கம்பவுண்டரின் சட்டைப்பையில்தான் இருந்தது. அதைத் திறந்து அவள் முகத்தில் பூசி வெளியே அனுப்பினால் உரிமம் ரத்து. உரிமம் ரத்தானால் வேலை ரத்து. பூசாமல் அனுப்பினால் வேலை இருக்கும். அவர் டப்பாவை வெளியில் எடுத்து, மூடியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இறங்கினார், பிறகு திரும்ப உள்ளே போட்டுக்கொண்டார்.

"நான் போய் டாக்டரைப் பார்த்துட்டு வரேன். எதாவது எழுதிக் கொடுப்பாரு" என்றார். அவர் குரலில் அவருக்கே நம்பிக்கை இல்லை. அவள் தலையாட்டினாள். அவர் பக்கவாட்டு வழியாகப் போனார்.

வாசலில் வெயில் வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்தது. தபால் ஆபீசுக்குப் பத்து நிமிஷ நடை, அதன்பிறகு பதினோரு தெரு. அவள் படியின் நிழலில் கொஞ்ச நேரம் நின்றாள். உரிந்த மூக்கில் காற்று பட்டாலே சுருக்கென்றது. கையிலிருந்த உரிமத்தைப் பார்த்தாள். நல்ல கெட்டித்தாள். அகலமாகவும் இருந்தது. அதைத் தூக்கி நெற்றிக்கு மேலே பிடித்துக்கொண்டு ஒரு படி இறங்கினாள். மூக்குவரை நிழல் விழுந்தது. பத்து நாளில் முதல் தடவையாக எரியவில்லை.

"அம்மா! அம்மா!" காவலாளி பதறிக்கொண்டு ஓடிவந்தான். "அதை வெயில்ல காட்டாதீங்கம்மா. மை வெளுத்துடும். முத்திரை தெரியலைன்னா செல்லாதுன்னு சொல்லிடுவாங்க. பத்திரமா உள்ளே வெச்சுக்கோங்க."

தபால்காரம்மா உரிமத்தை இறக்கினாள். மடிக்கக்கூடாது என்று நான்காவது நிபந்தனை இருந்தது. அதனால் மடிக்காமல், பழைய உறை ஒன்றில் நுழைத்து, வெயில் படாதபடி தோள்பையின் உள்ளறையில் வைத்து மூடினாள். மூடியது சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு வெறும் முகத்தோடு வெயிலில் இறங்கினாள்.